கத்திக்கு முன் ஒரு நீராட்டு

நம்மவர் இல்லங்களில் நோய்க்கும் நீராட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நோய், பிறகு பத்தியம், கடைசியில் நீர். காய்ச்சல் கண்டவன் தலையில் தண்ணீர் படலாகாது. அம்மை வார்த்திருந்தால், முத்து இறங்கும் வரை பொறுத்திருந்து, வேப்பிலை இட்ட நீரை வெயிலில் வைத்து, அதன் பிறகே தலைக்கு ஊற்றுவர். "குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியாயிற்று" என்று ஊரிலிருந்து ஒரு வரி வந்தால், வடக்கே வேலையிலிருக்கும் தந்தைக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. நோய் தீர்ந்தது என்பதற்கு நீரே முத்திரை.

ஆஸ்பத்திரி இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. ரண சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், அதற்கு முந்திய இரவே குளித்துவிட வேண்டும் என்கிறார்கள். சில இடங்களில் அன்று காலையிலும் ஒரு முறை குளிக்கச் சொல்கிறார்கள். தில்லியிலோ கான்பூரிலோ தை மாதக் குளிரில், விடிந்தால் வயிற்றில் கத்தி படப்போகிற ஒருவரிடம் இதைச் சொன்னால், உடன் வந்திருக்கும் மாமியார் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. சளி பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது அவருடைய கவலை. குளிப்பதனால் சளி பிடிப்பதில்லை என்று மருத்துவர் கூறலாம். ஆனால் நெஞ்சில் சளி கட்டியவருக்கு மயக்க மருந்து கொடுக்க அதே மருத்துவர் தயங்குவார் என்பதும் அந்த அம்மாளுக்குத் தெரியும்.

மேடைமேல் படுத்த பிறகு நோயாளி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மயக்க மருந்து அவருடைய நினைவையும் எடுத்துக்கொண்டு விடுகிறது. வெட்டுவதும் தைப்பதும் பிறர் கையில். தம் உடலைக் காக்க அவர் தம் கையாலேயே செய்துகொள்ளக் கூடியது பெரும்பாலும் இந்தக் குளியல் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒன்று எப்போது, எந்தக் காரணத்தால் வந்து சேர்ந்தது என்று தேடினால், மருத்துவ வரலாற்று நூல்கள் அதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அவ்வரிகளை ஒன்று சேர்த்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

நம் நாட்டின் பழைய ரண வைத்திய நூலாகிய சுசுருத சம்ஹிதை, அறுக்கப் புகுமுன் வைத்தியன் அருகே வைத்துக்கொள்ள வேண்டிய பொருள்களில் தண்ணீரையும் வெந்நீரையும் சேர்த்திருக்கிறது. புண்பட்டவன் நகத்தையும் மயிரையும் குறைத்துக்கொண்டு, தூய்மையாக, வெள்ளாடை உடுத்தி இருக்க வேண்டும் என்கிறது. ஊனையும் உதிரத்தையும் நாடி இரவில் திரியும் சத்துவங்கள் புண்ணைத் தேடி வரும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். வெண்கடுகும் வேப்பிலையும் உப்பும் நெய்யும் இட்டுப் புகை போடவும் அந்நூல் விதிக்கிறது. இதைக் கொண்டு நம் முன்னோர் கிருமிகளையே அறிந்திருந்தனர் என்று முழங்குவோர் உளர். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. புண்ணுக்குக் காவல் நோயாளியின் உடல் தூய்மையிலும் இருக்கிறது என்ற எண்ணம் இருந்தது என்பது வரையில் கூறலாம். ஆயினும் இன்றைய ஆஸ்பத்திரிக் குளியல் அந்த ஊற்றிலிருந்து வந்ததன்று. அது ஐரோப்பாவில், அதுவும் வெகு தாமதமாகப் பிறந்தது.

எவ்வளவு தாமதம் என்பதை அறிய, ஒரு நோயாளியின் வாக்குமூலமே கிடைக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி 1811 செப்டம்பர் 30 அன்று, பாரிஸில் தம் வீட்டிலேயே, மயக்க மருந்து என்பதே இல்லாத அக்காலத்தில், மார்பகத்தை அறுத்து அகற்றும் சிகிச்சைக்கு உட்பட்டார். நெப்போலியனின் படை வைத்தியரான லாரே கத்தியைப் பிடித்தார். பிறகு தம் சகோதரிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் பர்னி அன்றைய நிகழ்ச்சியை ஒன்று விடாமல் விவரித்திருக்கிறார். கறுப்புடை அணிந்த ஏழு ஆடவர் திடீரென அறைக்குள் நுழைந்தது, முகத்தின் மேல் மெல்லிய கைக்குட்டை விரிக்கப்பட்டது, அதனூடே எஃகு பளபளத்தது எல்லாம் அதில் உண்டு. வந்தவர்கள் கேட்டவை என்ன? பழைய மெத்தை இரண்டு, பழைய விரிப்பு ஒன்று. குருதி பட்டுப் பாழாகப் போவதற்குப் புதியது எதற்கு என்பது அவர்கள் கணக்காயிருக்க வேண்டும். தூய்மை என்ற நினைப்பே அந்த அறையில் இல்லை. எனினும் அவர் பிழைத்து, 1840 வரை வாழ்ந்தார். சொந்த வீட்டில் அறுத்துக்கொண்டது அவருக்கு வாய்த்த பெரும் பேறு என்பது பின்னால் தெரியவந்தது.

மயக்க மருந்தாகக் குளோரோஃபார்மை வழக்கில் கொண்டுவந்த எடின்பரோ மருத்துவர் சிம்ப்ஸன், கை கால் துண்டிக்கப்பட்டவர்களின் கணக்கை 1869-ஆம் ஆண்டளவில் திரட்டினார். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்; நாட்டுப்புற வைத்தியர்களிடம், பெரும்பாலும் வீடுகளில், அதே அளவு பேர். ஆஸ்பத்திரியில் இறந்தவர் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். வெளியில் இறந்தவர் நூற்றுக்குப் பதினொருவர். ஏழைகள் ஆஸ்பத்திரி வாயிலை மிதிக்க அஞ்சியதைப் பேதைமை என்று அக்காலப் படித்தோர் இகழ்ந்தனர். இக்கணக்கைப் பார்த்தால், ஏழைகளின் அறிவே கூர்மையானதாகத் தோன்றுகிறது.

யாருடைய அழுக்கு கொல்கிறது? அக்காலத்து வழக்கு இதுதான். வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-இல், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்களின் விரல்களில்தான் மரணம் இருக்கிறது என்று கண்டு, குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். கிளாஸ்கோவில் லிஸ்டர், காற்றில் மிதந்து வரும் நுண்ணுயிர்களே புண்ணை அழுகச் செய்கின்றன என்று நம்பி, 1865 முதல் கார்பாலிக் அமிலத்தைக் கையாண்டார். அதற்கு முன் அவரிடம் உறுப்புத் துண்டிப்புக்கு வந்த 35 பேரில் 16 பேர் இறந்தனர். பின் வந்த 40 பேரில் 6 பேரே இறந்தனர். காற்றையே கழுவுவதற்காக அவர் ஏற்படுத்திய கார்பாலிக் தெளிப்பான் அறுவை அறையிலிருந்த அனைவரையும் இருமச் செய்தது. 1890-இல் பெர்லினில் கூடிய மருத்துவ மாநாட்டில், அதைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாக அவரே கூறினார்.

லிஸ்டரின் நோயாளிகளுள் ஒருவர் கவி ஹென்லி. எலும்புருக்கி நோயால் ஒரு காலை முன்னமே இழந்தவர். எஞ்சிய காலையும் வெட்ட வேண்டும் என்று மற்றவர்கள் கூறிய பின், 1873-இல் எடின்பரோ சென்று லிஸ்டரிடம் அடைக்கலம் புகுந்தார், ஏறக்குறைய இருபது மாதம் அங்கே கிடந்தார், கால் தப்பியது. படுக்கையிலிருந்தபடியே அவர் எழுதிய கவிதைத் தொடர், ஆஸ்பத்திரிக்குள் காலடி வைப்பதிலிருந்து வெளியேறுவது வரை நோயாளியின் கண்ணால் கண்டவற்றைச் சொல்வது. அவருடைய நண்பர் ஸ்டீவன்ஸன், 'புதையல் தீவு' நாவலின் ஒற்றைக்கால் கப்பற்காரனுக்கு இவரையே முன்மாதிரியாகக் கொண்டார் என்பது பள்ளியில் அந்நூலைப் படித்த நேயர்களுக்குச் சுவையாயிருக்கும்.

காற்றும் கையும் குற்றவாளிக் கூண்டில் நின்ற அந்நாளில், நோயாளியின் சொந்தத் தோலை எவரும் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர மருத்துவர் ஆக்ஸ்டன், சீழில் திராட்சைக் கொத்துப்போல் திரண்டிருந்த கிருமிகளைக் கண்டு, கிரேக்க மொழியில் அப்பொருள்பட ஸ்டாபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். அதே இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி, நலமுள்ள மனிதனின் தோலிலும், எவ்வளவு தேய்த்தாலும் எட்டாத ஆழத்தில் குடியிருக்கிறது என்று அமெரிக்காவில் வெல்ச் 1891-இல் எடுத்துக் கூறினார். 1938-இல் பிரைஸ் என்னும் மருத்துவர் கைகளை வரிசையாகப் பல பாத்திர நீரில் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு பாத்திரத்திலும் இறங்கிய கிருமிகளை எண்ணிக் கணக்கிட்டார். தோலில் இரு வகைக் குடிகள் உண்டு என்பது அவர் முடிவு: வழிப்போக்கர் போல் வந்து ஒட்டிக்கொண்டு எளிதில் நீங்குவன ஒரு வகை, பரம்பரைக் குடிகளாய் வேரூன்றி, நீக்கினாலும் சில நாட்களில் மீண்டும் பெருகுவன மற்றொன்று. குளியலுக்கு அறிவியற் காரணம் இங்கேதான் கிடைத்தது. வழிப்போக்கரை விரட்டலாம், நிலைக்குடிகளைக் குறைக்கலாம், அடியோடு அழித்தல் இயலாது.

ஆனால் காரணம் தெளிவாவதற்கு முன்பே சடங்கு தடித்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், அறுவைக்கு முந்திய மாலை நோயாளிக்கு நேர்ந்தவற்றை எண்ணினால், கத்தியே மேல் என்று அவர் நினைத்திருந்தாலும் தவறில்லை. முதலில் வெந்நீர்க் குளியல். பிறகு வெட்டப்படும் இடத்தைச் சுற்றிச் சவரம். அதன்பின் பச்சைச் சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்ப்பு; அதன்மேல் ஈதர், சாராயம், பாதரச உப்பு கரைத்த நீர்; இவையெல்லாம் முடிந்து, கிருமிக்கொல்லியில் தோய்த்த ஈரத்துணியைக் கட்டி இரவு முழுதும் அப்படியே கிடக்கச் செய்வார்கள். தோல் கொப்புளித்தவர் பலர். 1908-இல் ஃபியூமே துறைமுகத்தைச் சேர்ந்த கிராஸிச் என்பவர், இவ்வளவும் வேண்டாம், உலர்ந்த தோலின்மேல் அயோடின் பூசினாலே போதும் என்று காட்டிய பிறகுதான், இந்த ஈரக்கட்டு மெல்ல விடைபெற்றது.

ஈரக்கட்டு போயிற்று, சவரக்கத்தி போகவில்லை. அது மேலும் அறுபது எழுபது ஆண்டு நிலைத்து நின்றது. அறுவை அனுபவத்தைப் பேசுவோர் பலருக்கு, மயக்க மருந்தைக் காட்டிலும் ஆழமாக நினைவில் பதிந்திருப்பது, முன்னாள் மாலை திரைக்குப் பின்னால் அறிமுகமற்ற ஒருவர் தண்ணீரும் கத்தியுமாக வந்து நின்ற வேளைதான். வெட்டு சாண் அகலமே இருக்க, மார்பிலிருந்து தொடைவரை மழிப்பார்கள். பிரசவத்திற்கு வந்த பெண்களுக்கும் இதே கதி. கூச்சம் ஒரு புறம். மயிர் மீண்டும் முளைக்கும்போது தைத்த புண்ணருகே எடுக்கும் நமைச்சல் மறுபுறம். கிருமிக்காக என்று சொன்னதால் அனைவரும் பொறுத்துக்கொண்டனர்.

அதுதான் வேதனை. பிரசவத்திற்கு முன் மழிப்பதால் பயன் ஏதும் இல்லை என்பதை 1922-இலேயே அமெரிக்க மருத்துவர் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். அது செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. 1971-இல் செரோப்பியன், ரெனால்ட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட கணக்கில், கத்தியால் மழிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 5.6 பேருக்குப் புண் சீழ்பிடித்தது. மழிக்காதவர்க்கும், மயிர் நீக்கும் களிம்பு பூசியவர்க்கும் அது 0.6 மட்டுமே. சவரக்கத்தி தோலில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்களை உண்டாக்குகிறது. இரவு முழுதும் அக்கீறல்களில் கிருமி பெருகுகிறது. மறுநாள் காலை அந்த இடத்திலேயே அறுக்கிறார்கள். காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்ட கதை.

குளியலைத் துல்லியமாக எடைபோட்டதும் அதே காலத்தில்தான். கனடாவின் கால்கரி நகரில் ஃபுட்ஹில்ஸ் ஆஸ்பத்திரியில் குரூஸ், ஃபோர்ட் என்னும் இருவர் ஒவ்வொரு நோயாளியின் புண்ணையும் வாரக்கணக்கில் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்தனர். 1973-இல் 23,649 புண்களின் கணக்கும், 1980-இல் 62,939 புண்களின் கணக்கும் வெளியாயின. தூய அறுவைகளில், முன்னதாகக் குளிக்காதவரில் நூற்றுக்கு 2.3 புண்கள் சீழ்பிடித்தன. சாதாரண சோப்பால் குளித்தவரில் 2.1, ஹெக்ஸாகுளோரோபீன் என்னும் மருந்து கலந்த சோப்பால் குளித்தவரில் 1.3. மழித்தவர், மழிக்காதவர் கணக்கும் அங்கே உண்டு: முன்னவர்க்கு ஏறக்குறைய இரண்டரை, பின்னவர்க்கு ஒன்றுக்கும் குறைவு. குளிப்பதனால் வரும் நன்மையைக் காட்டிலும் மழிக்காமையால் வரும் நன்மை பெரிதாயிருந்தது.

மருந்துச் சோப்பின் கதையும் நேர்க்கோடன்று. கால்கரியில் வெற்றி கண்ட அதே ஹெக்ஸாகுளோரோபீன், தோல் வழியே உட்புகுந்து மூளையைத் தாக்கக்கூடியது என்பது வெளியாயிற்று. 1972-இல் பிரான்ஸில் குழந்தைகளுக்கான பூச்சு மாவு ஒன்றில் அது தவறுதலாக மிகுதியாய்க் கலந்துவிட, 36 குழந்தைகள் மாண்டன. அவ்வாண்டே அமெரிக்க அரசு அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியது. அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது குளோர்ஹெக்ஸிடின். மலேரியாவுக்கு மருந்து தேடிய ஆராய்ச்சியின் கிளையாக மான்செஸ்டரில் தோன்றி, 1954-இல் வெளியுலகுக்கு வந்த பொருள் அது. கழுவிய பின்னும் தோலில் தங்கி, மறுமுறை குளிக்கும்போது மேலும் சேர்வது அதன் இயல்பு. இரவும் காலையும் இருமுறை குளிக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

இதற்கிடையில் ஒரு விந்தை. குளித்து முடித்த உடனே மனித உடல் காற்றில் உதிர்க்கும் தோற்செதில்களும் அவற்றோடு கிருமிகளும் குறைவதற்கு மாறாக அதிகரிக்கின்றன என்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் கண்டனர். சோப்பும் நீரும் மேற்செதில்களைத் தளர்த்திவிடுகின்றன போலும். அறுவை அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன் ஷவரில் நின்றுவிட்டு வரும் மருத்துவர் தம்மைப் பரிசுத்தர் என்று கருதியிருந்தால், இச்செய்தி அவருக்குக் கசந்திருக்கும்.

தோலில் கிருமி குறைவது ஒன்று. புண் சீழ்பிடியாமல் ஆறுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று கொண்டதே நெடுநாள் மயக்கம். ஐரோப்பியக் குழு ஒன்று 1988-இல் வெளியிட்ட பெரிய சோதனையில், ஒரு சாராருக்குக் குளோர்ஹெக்ஸிடின் கலந்த திரவமும், மற்றவர்க்கு அதே தோற்றமுடைய வெறும் திரவமும் கொடுத்து இருமுறை குளிக்கச் செய்தனர். சீழ்பிடித்தவர் முதல் சாராரில் நூற்றுக்கு 2.62, இரண்டாவதில் 2.36. மருந்து எடுபடவில்லை. இத்தகைய சோதனைகள் ஏழினை, பதினாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கியவற்றை, காக்ரேன் நிறுவனத்தார் ஒன்றுகூட்டி ஆராய்ந்து, 2015-இல் புதுப்பித்து வெளியிட்ட அறிக்கையும், மருந்துச் சோப்பு மற்றவற்றைவிடச் சிறந்ததென்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றே முடிவு கூறிற்று. இதைக் கேட்டுக் குளியலே வீண் என்று கொள்வார் உண்டு. அது பிழையான பாடம். வெறும் திரவம் பெற்றவர்களும் குளித்துத்தான் வந்தார்கள். சோதித்தது மருந்தை, நீரையன்று. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறை, அறுவைக்கு முன் குளிப்பது நல்ல வழக்கம், சோப்பு எதுவாயினும் தகும் என்கிறது. சவரக்கத்தியை மட்டும் ஐயமின்றி விலக்குகிறது. மயிரை நீக்கியே தீரவேண்டுமானால் கத்தரிக்கும் கருவியால் நீக்கச் சொல்கிறது.

முன்பெல்லாம் நோயாளி இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வார்டில் சேர்ந்துவிடுவார். செவிலியர் குளிக்கச் செய்வார். கடந்த சில பத்தாண்டுகளில் பல சிகிச்சைகளுக்கு அன்று காலையில் வந்தாலே போதும் என்றாகிவிட்டது. குளியல் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்தது. செவிலியரின் கை இருந்த இடத்தில் இப்போது இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. குளிக்கும் நேரத்தை நினைவூட்டிச் செய்தி அனுப்பப்பட்டவர்களின் தோலில், அனுப்பப்படாதவர்களைவிட மருந்து கூடுதலாகத் தங்கியிருந்தது என்று 2014-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டிற்று. சொல்லும் விதத்துக்கு அவ்வளவு வேறுபாடு.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சீட்டின் மீது தனி அக்கறை உண்டு. வேற்று மாநிலத்தில் அது இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ இருக்கும். எல்லாவற்றிலும் அது சொல்வது "குளித்துவிட்டு வாருங்கள்" என்ற ஒரே வாக்கியமாகவும் இருக்கக்கூடும். தமிழர் காதில் அது விழுந்தவுடன் ஒரு கேள்வி எழுகிறது: மேலுக்கா, தலைக்கா? மேலுக்கு ஊற்றிக்கொண்டு வந்தவரும் நம் மொழிப்படி குளித்தவரே. நாளும் கிழமையுமாயிருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தாலும் வியப்பில்லை. ஆகவே அச்சீட்டைத் தமிழில் எழுத நேர்ந்தால், ஒரு சொல்லை ஒன்பதாக விரித்தே எழுதவேண்டும். முந்திய இரவே தலையை அலசி நன்றாக உலர்த்துக. உடல் முழுதும், மடிப்புகளும் தொப்புளும் உட்பட, சோப்பிட்டுக் குளிக்க. மருந்துச் சோப்பு கொடுத்திருந்தால் அதைக் கழுத்துக்குக் கீழே மட்டும் பூசி, கண்ணிலும் காதிலும் படாமல், சொல்லிய நேரம் வரை விட்டுப் பின் கழுவுக. வெந்நீரில் குளித்தல் ஆகும். வெளுத்த துண்டால் துடைத்து வெளுத்த துணி உடுத்துக. அதன் பிறகு எண்ணெய், மஞ்சள், பௌடர் எதுவும் பூசற்க. கடைசி வரியைச் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிடலாம்: வீட்டில் தாமாகவே சவரம் செய்துகொண்டு வரவேண்டா.